கேட்க ஆளிருந்தும் கேட்கவில்லை: மேரியன் ஊரின் போலீஸ் தலைவர்

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் மேரியன் என்றொரு சின்ன ஊர். மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. ஆனால் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தலைமையிடம் என்பதால் நீதிமன்றம், கவுண்டியின் போலீஸ் அதிகாரியான ஷெரிஃபின் அலுவலகம், 1869 முதல் வெளிவரும் ஒரு வாரப் பத்திரிகை என எல்லாம் அங்கேயே இருக்கின்றன. 2023 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. அந்த ஊரின் மொத்தப் போலீஸ் படையும், அதாவது ஐந்தே பேர், ஷெரிஃப் அலுவலகத்து ஆட்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு ‘மேரியன் கவுண்டி ரெக்கார்ட்’ பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். கம்ப்யூட்டர்கள், செல்போன்கள், சர்வர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதே நாளில் பத்திரிகை ஆசிரியர் எரிக் மையரின் வீட்டிலும், நகர மன்றத்தின் துணை மேயர் ரூத் ஹெர்பெலின் வீட்டிலும் சோதனை நடந்தது. மறுநாள் எரிக்கின் தாயும் பத்திரிகையின் பங்கு உரிமையாளருமான ஜோன் மையர் 98 வயதில் இறந்துபோனார்.

உலகம் முழுக்கச் செய்தியான சம்பவம் இது. பத்திரிகைச் சுதந்திரம் என்ற கோணத்தில் நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு இதில் உறுத்துவது வேறு. ஒரு சின்ன ஊரின் போலீஸ் தலைவர், பொறுப்பேற்று இரண்டரை மாதம்கூட ஆகாத நிலையில், இவ்வளவையும் எப்படிச் செய்ய முடிந்தது? அவரைக் கேட்க ஆளே இல்லையா என்றால், இருந்தார்கள். மேயர், நகர மன்றம், நகர நிர்வாகி, கவுண்டி அரசு வழக்கறிஞர், நீதிபதி, மாநிலப் புலனாய்வுத் துறை என்று வரிசையாகவே இருந்தார்கள்.

அங்கே போலீஸ் தலைவர் என்றால் யார்

நம்மூர் காவல்துறையை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் குழப்பம்தான் வரும். தமிழ்நாட்டில் ஒரு ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கு மேலே டி.எஸ்.பி., எஸ்.பி., டி.ஐ.ஜி. என்று டி.ஜி.பி. அலுவலகம் வரைக்கும் ஆள் உண்டு. அவர்கள் சரியாகக் கவனிக்கிறார்களா என்பது வேறு விஷயம். மேலே போலீஸ்காரர் ஒருவர் எப்போதும் இருக்கிறார். அமெரிக்காவில் அந்த ஏற்பாடு கிடையாது. அங்கே சுமார் 18,000 சட்ட அமலாக்க அமைப்புகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒன்றுக்கொன்று கட்டுப்படாதவை. நகரப் போலீஸ் துறைகளில் ஏறக்குறைய பாதியில் முழுநேர அதிகாரிகள் பத்துப் பேர்கூட இல்லை. கவுண்டிக்கு ஷெரிஃப் உண்டு. அவர் வாக்குப் பெற்று வருபவர். நகரப் போலீஸ் தலைவரோ நகர நிர்வாகம் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் அதிகாரி. ஷெரிஃப் அவருக்கு மேலதிகாரி அல்ல. மாநிலப் போலீஸும் அல்ல.

கேன்சஸில் சின்ன ஊர்களுக்கான விதி எளிமையானது. மன்றத்தின் சம்மதத்தோடு மேயர் போலீஸ் தலைவரை நியமிக்கிறார். மேயர் அவரை எப்போது வேண்டுமானாலும் இடைநீக்கம் செய்யலாம். பதவியிலிருந்தே தூக்க வேண்டுமென்றால் மன்றத்தில் பெரும்பான்மை வேண்டும். இதற்கு அப்பால், போலீஸ் வேலைக்கான உரிமத்தைக் கொடுக்கவும் பறிக்கவும் மாநில அளவில் ஓர் ஆணையம் இருக்கிறது. அது அன்றாட வேலையைப் பார்க்காது. புகார் போன பிறகுதான் கோப்பைத் திறக்கும்.

ஆக, ஐந்து பேர் கொண்ட துறையில் ஒரு தலைவர் எதையாவது செய்யப் புறப்பட்டால், ‘கொஞ்சம் பொறுங்கள், சட்டப் புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிடலாம்’ என்று சொல்லக்கூடிய மூத்த அதிகாரி அந்தக் கட்டிடத்திலேயே கிடையாது. கீழே இருக்கும் நான்கு பேரின் வேலை, விடுப்பு, பதவி உயர்வு எல்லாம் அவர் கையில். மேலே இருப்பவர்களோ விவசாயம், கடை, ஓய்வூதியம் என்று வாழ்கிற ஊர்க்காரர்கள். மன்றக் கூட்டத்துக்கு மாலையில் வந்துபோகிறவர்கள். சோதனை வாரண்ட் என்றால் அதில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சின்ன ஊரின் மேற்பார்வை இந்த இடத்தில்தான் ஓட்டையாகிறது.

வேலைக்கு எடுத்தபோதே

கிடியன் கோடி என்பவர் மிசௌரி மாநிலத்தின் கேன்சஸ் சிட்டி போலீஸில் கேப்டனாக இருந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சர்வீஸ். அங்கே ஆண்டுக்குச் சுமார் 1,15,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்தவர், 2023இல் 60,000 டாலர் சம்பளத்துக்கு மேரியனின் போலீஸ் தலைவராக வந்தார். ஏறக்குறைய பாதிச் சம்பளம். அமைதியான ஊரைத் தேடி வந்தேன் என்பவர்களும் உண்டு, தப்பில்லை. ஆனாலும் ஒரு பெரிய நகரத்துக் கேப்டன் பாதிச் சம்பளத்துக்கு ஐந்து பேர் கொண்ட துறைக்கு வருகிறார் என்றால், வேலைக்கு எடுப்பவர் பழைய இடத்துக்கு ஒரு போன் போட்டுத் துருவியிருக்க வேண்டும்.

துருவியது பத்திரிகைதான். அவர் பெயர் அடிபடத் தொடங்கியதுமே, முன்னாள் சகாக்கள் சிலர் ‘ரெக்கார்ட்’ அலுவலகத்துக்குத் தொடர்புகொண்டு அவரது நடத்தை பற்றிப் புகார் சொன்னார்கள். நிருபர் டெப் க்ரூவர் விசாரித்தார். ஆனால் யாரும் பெயர் போட்டுப் பேசத் தயாராக இல்லை என்பதால் பத்திரிகை அதை வெளியிடவில்லை. கேன்சஸ் சிட்டியில் அவர் ஒழுங்கு நடவடிக்கையையும் பதவி இறக்கத்தையும் எதிர்கொண்டிருந்தார் என்று பின்னாளில் அந்த நகரத்து நாளிதழ் எழுதியது. அதற்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்திருந்தது. மேரியன் நகர மன்றம் அவரை நியமித்துவிட்டது. ஜூன் தொடக்கத்தில் பொறுப்பேற்றார்.

பத்திரிகை தன் பின்னணியைத் தோண்டுகிறது என்பது அவருக்குத் தெரியும். பின்னால் வந்த எல்லாவற்றையும் இதை நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு பழைய லைசென்ஸ் கடிதம்

சம்பவத்தின் விதை மிகச் சின்னது. ஆகஸ்ட் 1 அன்று அந்தப் பகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஜேக் லாடர்னர் ஓர் உணவகத்தில் மக்களைச் சந்தித்தார். அங்கே செய்தி சேகரிக்க எரிக் மையரும் நிருபர் ஃபிலிஸ் ஸோர்னும் போயிருந்தார்கள். உணவக உரிமையாளருக்கு அது பிடிக்கவில்லை. வெளியேற்றச் சொன்னார், போலீஸ் தலைவரே வந்து இருவரையும் வெளியே அனுப்பினார்.

அப்புறம், ஊர்க்காரர் ஒருவர் ஃபேஸ்புக் வழியாக ஸோர்னுக்கு ஓர் ஆவணத்தின் நகலை அனுப்பினார். அந்த உணவக உரிமையாளர் 2008இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் லைசென்ஸ் இழந்தவர் என்பது அதிலிருந்து தெரிந்தது. அவர் அப்போது மதுபான உரிமத்துக்கு விண்ணப்பித்திருந்ததால் விஷயத்துக்கு ஊர்ப் பொதுநலன் சம்பந்தம் உண்டு. கூடவே வந்த தகவல் இன்னொன்று: அவர் லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுவது உள்ளூர்ப் போலீஸுக்குத் தெரியும், கண்டுகொள்வதில்லை என்பது.

ஆவணம் உண்மையா என்று பார்க்க, மாநில வருவாய்த் துறையின் இணையதளத்துக்குப் போனார் ஸோர்ன். பொதுமக்கள் பயன்படுத்தும் தளம்தான். தன் சொந்தப் பெயரைக் கொடுத்தே தேடினார். உண்மை என்று தெரிந்தது. ஆனால் எரிக் மையருக்குச் சந்தேகம், யாரோ குடும்பச் சண்டையில் நம்மைப் பயன்படுத்திக்கொள்ளப் பார்க்கிறார்களோ என்று. செய்தி போட வேண்டாம் என முடிவெடுத்தார். அத்தோடு நிற்கவில்லை. இப்படியொரு ஆவணம் எங்களிடம் வந்திருக்கிறது என்று போலீஸ் தலைவருக்கும் ஷெரிஃபுக்கும் ஆகஸ்ட் 4 அன்று தானே மின்னஞ்சல் அனுப்பினார்.

அதே நகல் ரூத் ஹெர்பெலுக்கும் போயிருந்தது. மதுபான உரிமம் தொடர்பான விஷயம் என்பதால் அவர் அதை நகர நிர்வாகிக்கு அனுப்பிவைத்தார். மன்ற உறுப்பினர் செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.

கவனியுங்கள்: ஆவணம் கைக்கு வந்ததை மறைக்காமல் அதிகாரத்தில் இருப்பவர்களிடம் தாங்களாகவே போய்ச் சொன்னவர்கள் இந்த இருவர். ஒரு வாரம் கழித்து இந்த இருவரின் வீட்டுக் கதவைத்தான் போலீஸ் தட்டியது.

ஆகஸ்ட் 7 அன்று நடந்த மன்றக் கூட்டத்தில் உணவக உரிமையாளர் எழுந்து, பத்திரிகை சட்டவிரோதமாகத் தன் தகவலைத் திருடி ஹெர்பெலுக்குக் கொடுத்ததாகக் குற்றம் சாட்டினார். பகிரங்கமாகவே சொல்லிவிட்டதால் ‘ரெக்கார்ட்’ அதற்குப் பதில் போல ஒரு செய்தி வெளியிட்டது. கிடியன் வழக்கைக் கையில் எடுத்தார்.

அவர் எடுத்திருக்கவே கூடாத வழக்கு அது. பத்திரிகை அவரது பழைய வேலையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தது. வந்த தகவலில் அவருடைய துறையின் மீதே குறை சொல்லப்பட்டிருந்தது. அதே பத்திரிகைக்காரர்களை அதே உணவகத்திலிருந்து வெளியே அனுப்பியவரும் அவர்தான். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே, நான் இதிலிருந்து விலகிக்கொள்கிறேன், வேறு யாராவது பாருங்கள் என்று ஒதுங்கியிருக்க வேண்டும். உண்மையில் அவர் கேன்சஸ் புலனாய்வுத் துறையைத் தொடர்புகொள்ளவும் செய்தார். அவர்களும் ஓர் அதிகாரியை ஒதுக்கினார்கள். அவர்கள் விசாரித்து முடிக்கும் வரை காத்திருந்தால் கதையே வேறாக இருந்திருக்கும். அவர் காத்திருக்கவில்லை. வாரண்டுக்கு விண்ணப்பித்தார்.

பிரமாணப் பத்திரம் போன வழி

வாரண்டுக்கு ஆதாரமாகக் கிடியன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் இரண்டு குற்றங்களைச் சொன்னது: அடையாளத் திருட்டு, கம்ப்யூட்டர் தொடர்பான சட்டவிரோதச் செயல். வாதம் இப்படிப் போகிறது: வருவாய்த் துறைத் தளத்தில் அந்த ஆவணத்தைப் பெற வேண்டுமென்றால், ஒன்று உரிமையாளர்போல நடித்திருக்க வேண்டும், இல்லை தேடும் காரணம் குறித்துப் பொய் சொல்லியிருக்க வேண்டும், ஆகவே குற்றம் நடந்திருக்கிறது. ஆனால் ஸோர்ன் என்ற பெயரிலேயே ஒரு தேடல் பதிவாகியிருந்ததாக அதே பத்திரம் சொல்கிறது. ஆள் மாறாட்டம் செய்கிறவர் தன் பெயரைக் கொடுப்பாரா என்று யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். தனக்கு வேறு வழியில் கிடைத்த விவரத்தை வைத்து அந்தத் தளத்தில் தேடுவது சட்டப்படி சரியானதே என்று வருவாய்த் துறையே பிறகு சொன்னது. சோதனைக்கு முன்னால் முறையாகக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இன்னொரு சட்டமும் குறுக்கே நின்றது. 1971இல் கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையின் அலுவலகத்தைப் போலீஸ் சோதனையிட்டது. அது தவறில்லை என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பதிலாகவே 1980இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்றியது: பத்திரிகையாளரின் வேலைக் குறிப்புகள் வேண்டுமென்றால் நோட்டீஸ் அனுப்பிக் கேட்க வேண்டும், சோதனை போட்டு அள்ளக்கூடாது. பத்திரிகையாளரே குற்றவாளி எனச் சந்தேகிக்கப்பட்டால் விதிவிலக்கு உண்டு. கிடியன் பிடித்துக்கொண்டது அந்த விதிவிலக்கைத்தான். ஆனால் தகவலை வாங்கியதும் வைத்திருந்ததுமே குற்றம் என்று சொல்லும் இடத்தில், பொதுவாக அந்த விதிவிலக்கு செல்லாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இது ஒரு சின்ன ஊர்ப் போலீஸ்காரருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழையும் முன் யாரையாவது கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

வரைவில் ஷெரிஃப் அலுவலகமும் கைகொடுத்தது. கவுண்டி அரசு வழக்கறிஞர் ஜோயல் என்சியின் அலுவலகம் வழியாகக் காகிதங்கள் நீதிபதி லாரா வியரிடம் போயின. அவர் ஆகஸ்ட் 11 காலை 9 மணியளவில் கையெழுத்திட்டார். ஆதாரமான பிரமாணப் பத்திரங்கள் நீதிமன்றப் பதிவில் ஏறியதோ மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 14 அன்று. ஊரே அதைக் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை.

சின்ன ஊரில் இன்னொரு சிக்கல், எல்லோரும் எல்லோருக்கும் வேண்டியவர்கள். புகார் கொடுத்தவரின் இன்னொரு உணவகம் இயங்கிய ஹோட்டல் அரசு வழக்கறிஞரின் குடும்பத்தாருக்குச் சொந்தமானது. இதனால்தான் அவர் தடுக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஆதாரமும் இல்லை. பெரிய நகரத்தில் இப்படிப்பட்ட வழக்கு வேறொரு மேசைக்குப் போயிருக்கும். மேரியனில் வேறு மேசை இல்லை.

சோதனை நடந்த விதம்

பத்திரிகை அலுவலகத்தின் வாசலில் டெப் க்ரூவர் செல்போனில் எரிக்குக்குப் பேச முயன்றபோது, போலீஸ் தலைவர் அதை அவர் கையிலிருந்து பறித்தார். ஏற்கெனவே அடிபட்டிருந்த விரலில் மறுபடி காயம். க்ரூவர் அந்த ஆவண விவகாரத்தில் எந்த வகையிலும் சம்பந்தப்பட்டவர் அல்ல. அவர் சம்பந்தப்பட்டது போலீஸ் தலைவரின் பழைய வேலை குறித்த விசாரணையில். அதிகாரிகளின் உடையில் மாட்டியிருந்த கேமராவில் பதிவான காட்சி ஒன்று இருக்கிறது: க்ரூவரின் மேசையைக் குடையும் அதிகாரி தலைவரை அழைக்கிறார், தன்னைப் பற்றிக் கோப்பு வைத்திருக்கிறார்கள் என்பதை அவர் அங்கே பார்க்கிறார். லைசென்ஸ் கடிதத்துக்கும் அந்தக் கோப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அந்த அறையில் ஒருவரும் இல்லை.

மையர் வீட்டில் நடந்ததும் வீடியோவில் இருக்கிறது. 98 வயது மூதாட்டி, நடப்பதற்கு உதவும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லி ஆறேழு போலீஸ்காரர்களிடம் கத்துகிறார். அவர்கள் பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று மகன் சொன்னார். மறுநாள் மாரடைப்பு.

கம்ப்யூட்டர்கள் போன பிறகும் அடுத்த புதன்கிழமை இதழ் வந்தது. பழைய கருவிகளைத் தூசி தட்டி, விளம்பரங்களை மறுபடி உருவாக்கி, விடிய விடிய வேலை பார்த்தார்கள். ‘பறித்தார்கள், ஆனால் வாயடைக்க முடியவில்லை’ என்ற பொருளில் பெரிய எழுத்தில் தலைப்பு. அதே புதன்கிழமை, ஆகஸ்ட் 16 அன்று, அரசு வழக்கறிஞர் என்சி வாரண்டுகளைத் திரும்பப் பெற்றார். சொல்லப்பட்ட குற்றத்துக்கும் சோதனையிட்ட இடங்களுக்கும் எடுத்துச்சென்ற பொருள்களுக்கும் போதிய தொடர்பு காட்டப்படவில்லை என்பது அவர் கொடுத்த காரணம். ஐந்து நாள் முன்னால் அதே அலுவலகம் வழியாகப் போன அதே காகிதங்கள்தான். பத்திரத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. மாறியது நாட்டின் பார்வை மேரியன் மீது விழுந்தது மட்டும்.

மேயரும் மன்றமும்

ஆகஸ்ட் 21 அன்று நகர மன்றம் கூடியது. நிகழ்ச்சி நிரலிலேயே சிவப்பில், பெரிய எழுத்தில் அறிவித்திருந்தார்கள்: நடந்துவரும் குற்ற விசாரணை பற்றி மன்றம் கருத்துச் சொல்லாது. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆச்சரியக்குறிகள். ஊர் மக்கள் எழுந்து பேசினார்கள், கோபப்பட்டார்கள். பதில் இல்லை.

மேயர் டேவிட் மேஃபீல்டின் நிலை, மாநிலப் புலனாய்வு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்பது. கேட்க நியாயம்போல இருக்கும். ஆனால் மாநிலப் புலனாய்வு முதலில் விசாரித்தது பத்திரிகையை. போலீஸ் தலைவரின் நடத்தையை அல்ல. அதோடு இடைநீக்கம் என்பது தண்டனை கிடையாது. விசாரணை முடியும் வரை துப்பாக்கியையும் சாவியையும் வைத்துவிட்டு வீட்டில் இரு என்பதுதான் அதன் பொருள். சட்டம் மேயருக்குக் கொடுத்திருக்கும் ஒரே உடனடிக் கருவி அது. அதை எடுக்க அவருக்கு ஏழு வாரம் ஆயிற்று. போலீஸ் தலைவர் பதவி விலக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்ன ரூத் ஹெர்பெலோ சோதனைக்கு ஆளானவர். அதனால் அவர் பேச்சைச் சொந்தப் பகை என்று ஒதுக்குவது எளிதாகப் போயிற்று.

செப்டம்பர் 28 அன்று மேயர் இடைநீக்கம் செய்தார். காரணம் எதையும் சொல்லவில்லை. உணவக உரிமையாளருக்கும் தனக்கும் இடையில் போன செல்போன் செய்திகளை அழித்துவிடும்படி போலீஸ் தலைவர் அவரிடம் கேட்டிருந்தார் என்ற தகவல் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்த சமயம் அது. அக்டோபர் 2 அன்று கிடியன் ராஜினாமா செய்தார். சோதனையில் உடன் இருந்த சாக் ஹட்லின் என்ற அதிகாரியே தற்காலிகத் தலைவர் ஆனார். ஐந்து பேர் கொண்ட துறையில் வேறு யாரைப் போடுவது என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் மேஃபீல்ட் நிற்கவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி மைக் பவர்ஸ் மேயரானார்.

இந்த இடத்தில் நீதிபதி வியர் மீதான புகாரையும் சொல்லிவிடலாம். நீதித்துறை நடத்தைக் குழுவுக்குப் போன அந்தப் புகார் 2023 முடிவதற்குள் தள்ளுபடியாயிற்று.

பிறகு வந்த விசாரணை

கேன்சஸ் புலனாய்வுத் துறைக்கே இந்த விவகாரத்தில் ஒரு கால் இருந்ததால், விசாரணையில் கொலராடோ மாநிலத்தின் புலனாய்வுத் துறையைச் சேர்த்துக்கொண்டார்கள். மார்க் பென்னெட், பேரி வில்கர்சன் என்ற வேறு கவுண்டி அரசு வழக்கறிஞர்கள் இருவர் சிறப்பு வழக்கறிஞர்களாக அமர்ந்து 2024 ஆகஸ்ட் 5 அன்று 124 பக்க அறிக்கை கொடுத்தார்கள். எரிக் மையர், ஃபிலிஸ் ஸோர்ன், ரூத் ஹெர்பெல் மூவரும் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று அது திட்டவட்டமாகச் சொன்னது. போலீஸ் செய்த விசாரணை போதாது, அவசர முடிவுக்குப் போய்விட்டார்கள் என்றும் சொன்னது. ஆனால் தெரிந்தே பொய்யான வாரண்ட் வாங்கினார்கள் என்று நிரூபிக்க முடியாததால், சோதனைக்காக யார் மீதும் குற்ற வழக்கு இல்லை. ஜோன் மையரின் மரணத்துக்காகவும் இல்லை.

இந்த அறிக்கையைப் படிக்கும் பத்திரிகைக்காரர்கள் பலருக்கு எரிச்சல் வந்தது. எனக்கு அதன் சட்டத் தர்க்கம் புரிகிறது. அறியாமையில் செய்த தவறு குற்றமாகாது; தவறு என்று தெரிந்து செய்ததற்கே தண்டனை. ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். ஒரு போலீஸ் தலைவர் சட்டம் தெரியாதவராகவும் சரிபார்க்காதவராகவும் இருக்கும் அளவுக்கு அவருக்குப் பாதுகாப்பு கூடுகிறது. பெரிய துறையில் ஓர் அதிகாரி இப்படிச் செய்தால் உள்விசாரணை, பதவி இறக்கம், மாற்றல் என்று குற்ற வழக்குக்குக் குறைவான தண்டனைகள் நிறைய உண்டு. மேரியனில் ஒன்றுமில்லாததற்கும் வேலையை விட்டு எடுப்பதற்கும் நடுவில் எதுவுமே இல்லை.

எஞ்சியது நஷ்டஈடு. க்ரூவர் 2023 ஆகஸ்ட் இறுதியிலேயே கிடியன் மீது வழக்குப் போட்டார். 2024இல் 2,35,000 டாலருக்குச் சமரசம் ஆயிற்று. மையர் குடும்பம், ஸோர்ன், ஹெர்பெல், அலுவலக மேலாளர் எனப் பலர் தனித்தனியாக வழக்குத் தொடர்ந்தார்கள். 2025 நவம்பரில் கவுண்டி நிர்வாகம் தன் பங்குக்குச் சுமார் 30 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. வாரண்டுகளை வரைந்ததிலும் சோதனையிலும் தனக்கு இருந்த பங்குக்கு ஷெரிஃப் அலுவலகம் வருத்தம் தெரிவித்தது. உதவி செய்யப் போன பக்கத்து வீட்டுக்காரரே இவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது.

எதை மாற்றியிருந்தால்

மேரியன் போன்ற ஊர்களில் குடிமக்கள் மேற்பார்வைக் குழு அமைக்க வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. பெரிய நகரங்களில் அதற்குப் பயன் இருக்கலாம். இரண்டாயிரம் பேர் ஊரில் குழுவில் உட்காரப்போவதும் அதே மேயரின் நண்பர்கள்தான், இல்லையென்றால் எதிரிகள்தான். எனக்குத் தோன்றுவது வேறு, ரொம்பச் சாதாரணமானவை.

வேலைக்கு எடுக்கும்போது, பழைய துறையின் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பைக் காட்ட விண்ணப்பதாரரே எழுத்தில் சம்மதம் தர வேண்டும். தராதவர் அடுத்த கட்டத்துக்கு வரக்கூடாது. பத்திரிகை அலுவலகம், வழக்கறிஞர் அலுவலகம், மக்கள் பிரதிநிதியின் வீடு போன்ற இடங்களுக்கு வாரண்ட் கேட்டால், அரசு வழக்கறிஞர் அதைப் படித்தேன் என்று தன் கையெழுத்தைப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இருந்தால் ‘என் அலுவலகம் வழியாகப் போயிற்று’ என்று நழுவ முடியாது. போலீஸ் தலைவருக்கோ அவர் துறைக்கோ சம்பந்தமுள்ள புகார் பக்கத்துக் கவுண்டிக்குப் போக வேண்டும், அவர் விரும்பினால் என்றில்லாமல் கட்டாயமாக. மேயர் சும்மா இருந்தால் எத்தனை நாளில் மன்றம் தானாகக் கூடிக் கேட்கலாம் என்பதையும் நகர விதியில் எழுதிவைக்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை.

பத்திரிகையைப் பொறுத்தவரை, ஊரில் போலீஸ் தலைவரைக் கேள்வி கேட்கத் தயாராக இருந்த ஒரே அமைப்பு அதுதான். சந்தா சுமார் நாலாயிரம் இருந்த இடத்தில், சோதனைக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் புதுச் சந்தா குவிந்தது. பலர் மேரியனை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர்கள். ஆனால் அமெரிக்காவில் இத்தகைய சின்ன ஊர்ப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் மூடப்பட்டு வருகின்றன. ‘ரெக்கார்ட்’ இல்லாத ஒரு மேரியனில் இதே போலீஸ் தலைவர் வேறு யாராவது சாமானியர் வீட்டில் இப்படி நுழைந்திருந்தால், அது பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

சோதனைக்காக இல்லாமல் வேறொன்றுக்காகத்தான் கிடியன் மீது வழக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் சிறப்பு வழக்கறிஞர்கள் நீதித்துறை நடவடிக்கையில் குறுக்கிட்டதாக அவர் மீது ஒரே ஒரு குற்றச்சாட்டைப் பதிவு செய்தார்கள். சோதனைக்குப் பிறகு அந்த உணவக உரிமையாளரிடம் செல்போன் செய்திகளை அழிக்கச் சொன்னார் என்பதே அதன் சாரம். மூன்று இடங்களில் கதவைத் திறந்து உள்ளே போனதற்கு அதில் ஒரு வரியும் இல்லை.